கடலில் முட்டையிட முடியாத கடற்பறவைகள்

எந்தப் பறவையாலும் நடுக்கடலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க முடியாது. அடைகாக்கக் கெட்டியான தளம் ஒன்று வேண்டும். ஆனால் உலகில் ஏறக்குறைய 350 இனப் பறவைகளுக்கு இரை முழுவதுமோ பெரும்பகுதியோ கடலில்தான் கிடைக்கிறது. இரை ஓரிடம், கூடு வேறிடம். இரண்டுக்கும் நடுவே சில நேரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். கடற்பறவைகளைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர்கள் இந்த ஒரு சிக்கலை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். அவற்றின் உடலமைப்பு, பறக்கும் விதம், ஒற்றை முட்டை, நீண்ட ஆயுள், இன்று அவை படும் பாடு எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

அண்டார்க்டிகாவின் எம்பரர் பென்குயின் மட்டும் பெரும்பாலும் நிலத்துக்கே வராமல், உறைந்த கடற்பனியின் மேல் முட்டையிடும். அதற்கும் காலூன்ற ஒரு தளம் தேவைப்படுகிறது. குஞ்சுகளுக்கு நீர்புகாத இறகு முளைக்கும் முன் பனி உடைந்துவிட்டால், அந்த வருடக் குஞ்சுகள் போய்விடும்.

கடற்கரையில் கண்ணில் படும் பறவையெல்லாம் கடற்பறவை அல்ல. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வந்து சேற்றைக் கிளறும் உள்ளான்களும் பூநாரைகளும் கரையை நம்பி வாழ்பவை. கடல்நீருக்குள்ளிருந்தோ அதன் மேற்பரப்பிலிருந்தோ இரையெடுத்துப் பிழைப்பவற்றைத்தான் கடற்பறவை என்கிறோம். இவை ஒரே குடும்பத்தின் பிள்ளைகளும் அல்ல. ஆலா (டெர்ன்), கடற்காகம் (சீகல்), ஸ்குவா, பஃபின் எல்லாம் உள்ளான்களின் உறவுக்கூட்டம். நீர்க்காகம், பூபி, கேனட், ஃபிரிகேட் பறவை இன்னொரு கூட்டம். பறக்கவே தெரியாத பென்குயினுக்கு மிக நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? பறப்பதில் யாரும் கிட்டே நெருங்க முடியாத ஆல்பட்ராஸும் அதன் இனத்தாரான பெட்ரல், ஷியர்வாட்டர்களும்தான். வெவ்வேறு வம்சங்கள் வெவ்வேறு காலத்தில் கடலுக்குப் போய், ஒரே சிக்கலுக்குத் தங்களுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன.

உப்பும் எண்ணெயும்

கடலில் வாழப் போகும் எந்த உயிருக்கும் முதல் தொல்லை குடிநீர். கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு. அதை மனிதர் குடித்தால், அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் செலவழிக்க வேண்டிவரும். தாகம் கூடுமே தவிரத் தணியாது. பறவையின் சிறுநீரகமும் இந்த விஷயத்தில் கெட்டி கிடையாது. பிறகு எப்படிச் சமாளிக்கின்றன?

விடை தலையில் இருக்கிறது. கடற்பறவையின் கண்களுக்கு மேலே, மண்டையோட்டுக் குழியில், இரண்டு உப்புச் சுரப்பிகள் உண்டு. ரத்தத்திலிருந்து உப்பை இழுத்து, கடல்நீரைவிடச் செறிவான உப்புக் கரைசலாக மூக்குத்துளை வழியே இவை வெளியே தள்ளும். கடற்காகத்தின் மூக்கிலிருந்து சொட்டும் நீரில் ஏறக்குறைய 5 சதவீதம் உப்பு இருக்கும். அலகு நுனியில் ஒரு சொட்டு திரளும், பறவை தலையை உதறும், முடிந்தது. கனுட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் 1950களின் கடைசியில் நீர்க்காகங்களுக்குக் கடல்நீர் கொடுத்துப் பார்த்துத்தான் இதை விளக்கினார். அதுவரை மாலுமிகள் பல நூற்றாண்டுகளாக இந்தப் பறவைகளைப் பார்த்திருந்தும், இவை எதைக் குடிக்கின்றன என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கவில்லை.

இரண்டாவது தொல்லை ஈரம். வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெயைத் தொட்டு இறகெங்கும் தடவிக்கொள்வதும், இறகுகளை இடைவெளி விடாமல் ஒழுங்காகக் கோத்து வைத்துக்கொள்வதும்தான் இவற்றின் அன்றாட வேலையில் பெரும்பங்கு. நீர்க்காகத்தின் வெளி இறகு மட்டும் ஓரளவு நனையும். அது ஒரு குறைபோலத் தெரிந்தாலும், நனைந்தால்தான் இறகுக்குள் சிக்கிய காற்று வெளியேறி முங்குவது எளிதாகிறது. அதனால்தான் ஏரியோரக் கட்டையிலும் துறைமுகத் தூணிலும் அது சிறகை விரித்துக் காயவைத்தபடி நிற்கிறது.

பறப்பதா, முங்குவதா

கடற்பறவைகளைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நன்றாகப் பறக்கப் பெரிய சிறகு வேண்டும். நன்றாக முங்கச் சின்னச் சிறகு வேண்டும். இரண்டையும் ஒரே உடலில் முழுமையாக வைக்க வழியில்லை. ஒவ்வொரு இனமும் இந்தக் கோட்டில் ஏதோ ஓரிடத்தில் நிற்கிறது.

ஒரு முனையில் வாண்டரிங் ஆல்பட்ராஸ். சிறகு விரிப்பு 3.5 மீட்டர் வரை போகும். இன்று வாழும் பறவைகளில் இதுவே மிக நீளம். இவ்வளவு பெரிய சிறகை நாளெல்லாம் விரித்தே வைத்திருந்தால் தோள் வலிக்குமே என்று தோன்றும். அதன் தோளில் ஒரு தசைநார், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல், விரித்த சிறகைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. மீதி வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். அலைகளோடு உரசுவதால் கடல்மட்டத்துக்கு அருகே காற்றின் வேகம் குறைவு. பத்துப் பதினைந்து மீட்டர் மேலே போனால் வேகம் அதிகம். ஆல்பட்ராஸ் காற்றுக்கு எதிராகத் திரும்பி மேலே ஏறும். ஏற ஏற எதிர்க்காற்று வலுப்பதால் அதன் சிறகுக்குத் தூக்குவிசை கூடிக்கொண்டே போகும். உச்சியில் திரும்பி, காற்றோடு சேர்ந்து கீழே சரியும். மறுபடி ஏறும், மறுபடி சரியும். இப்படியே ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் வெகுதூரம் போய்விடும். மிதந்து பறக்கும்போது அதன் இதயத்துடிப்பு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் காற்று விழுந்துவிட்டால் ஆல்பட்ராஸ் பாவம், தண்ணீரில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். ஓயாமல் காற்றடிக்கும் தென்கடலில் அவை அதிகம் வாழ்வதன் காரணம் புரிகிறதல்லவா?

ஃபிரிகேட் பறவையின் கதை இன்னும் வினோதம். உடல் எடைக்கு ஒப்பிட்டால் மிகப் பெரிய சிறகு; ஆனால் இறகு நீர்புகாதது அல்ல. கடற்பறவையாக இருந்தும் கடலில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் நனைந்து, மேலெழும்ப முடியாமல் போய்விடும். ஆகவே பறந்துகொண்டே, பறக்கும் மீன்களைக் கொத்திக்கொள்ளும். அல்லது பூபி, ஆலா போன்ற பறவைகளைத் துரத்தி, அவை விழுங்கியதைக் கக்கவைத்து எடுத்துக்கொள்ளும். இந்தியப் பெருங்கடலில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வெண்மேகங்களுக்கு அடியில் மேலெழும் காற்றைப் பிடித்து 4,000 மீட்டர் உயரம் வரை அவை ஏறுவதும், தொடர்ந்து இரண்டு மாதம்வரை ஆகாயத்திலேயே இருப்பதும் அதில் தெரியவந்தன. அதே ஆண்டு கலாபகோஸ் தீவுகளில் மூளை அலைகளை அளந்த இன்னொரு ஆய்வு, பறக்கும்போது இவை ஒரு நாளைக்குச் சராசரியாக 42 நிமிடமே தூங்குகின்றன என்று காட்டியது. தரைக்கு வந்தால் 12 மணி நேரத்துக்கும் மேல் தூக்கம்.

மறுமுனையில் முங்குபவை. கேனட் 30 மீட்டர் உயரத்திலிருந்துகூடச் சிறகை மடக்கிச் செங்குத்தாக விழும். மோதும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த அடியில் தண்ணீர் உள்ளே போகாதபடி அதற்கு வெளியே திறந்த மூக்குத்துளையே கிடையாது. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் உள்ள காற்றுப்பைகள் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. வட கடல்களின் குல்லிமாட் சிறகையே துடுப்பாக்கி 100 மீட்டருக்கும் ஆழமாக நீந்தும். அதற்கு அது கொடுக்கும் விலை வானத்தில் தெரியும். அந்தக் குட்டைச் சிறகோடு மேலே நிற்க வேண்டுமானால், அதை விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பறப்பதற்கு அது செலவழிக்கும் சக்திதான் பறவைகளில் அளக்கப்பட்டதிலேயே மிக அதிகமான ஒன்று. பென்குயின் அந்தக் கணக்கையே முடித்துக்கொண்டது. பறப்பதை விட்டுவிட்டது, எலும்பைக் கனமாக்கிக்கொண்டது. எம்பரர் பென்குயின் 500 மீட்டருக்கும் கீழே போய்வருகிறது. குல்லிமாட்டின் உறவான கிரேட் ஆக்கும் அதே வழியில் போன பறவை. பறக்க முடியாத அது கரையேறியபோது மனிதர் கையில் சிக்கியது. இறைச்சிக்கும் இறகுக்கும் கொல்லப்பட்டு, கடைசியாக அறியப்பட்ட ஜோடி 1844இல் ஐஸ்லாந்தின் எல்டே தீவில் அழிந்தது.

நடுவில் ஆலாக்கள். சுமார் 100 கிராம் எடையுள்ள ஆர்க்டிக் ஆலா வடதுருவப் பகுதியில் முட்டையிட்டு, அண்டார்க்டிகாவரை போய்த் திரும்புகிறது. கிரீன்லாந்துப் பறவைகளைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான கணக்குப்படி, வருடத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 70,000 கிலோமீட்டர்.

சரி, இவ்வளவு பரந்த நீர்வெளியில் இரை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? பெட்ரல், ஷியர்வாட்டர்களுக்கு மோப்பம் உதவுகிறது. மிதவை நுண்ணுயிர்த் தாவரங்களைச் சிறு இறால் வகைகள் மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயு வெளியாகும். கடலின் வாசனை என்று நாம் சொல்வதில் அதற்கும் பங்குண்டு. அந்த வாசம் அடித்தால் அங்கே சாப்பாடு இருக்கிறது என்று பொருள். ஆலா, பூபி போன்றவை கண்ணை நம்புகின்றன. ஒன்று விழுந்தால் சுற்றியுள்ளவையும் அங்கே திரும்பும்.

ஒரு முட்டை

சிட்டுக்குருவி நான்கைந்து முட்டையிடும், வருடத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும், சில வருடங்களில் வாழ்வு முடிந்துவிடும். கடற்பறவையின் கணக்கு தலைகீழ். வாண்டரிங் ஆல்பட்ராஸ் இரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அதை அடைகாக்க ஏறக்குறைய 11 வாரம். குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்ப இன்னும் ஒன்பது மாதம். அந்தக் குஞ்சு தானே முட்டையிடப் பத்து வருடம்வரைகூட ஆகலாம்.

ஏன் இவ்வளவு மெதுவாக? இரை தூரத்தில் இருப்பதுதான் காரணம். ஒரு முறை வயிறு நிறைக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டியிருந்தால், தாயும் தந்தையும் சேர்ந்தாலும் ஒரு குஞ்சைத்தான் காப்பாற்ற முடியும். ஆகவே இருவரும் முறைவைத்து வேலை செய்கிறார்கள். ஒன்று முட்டைமேல் பட்டினி கிடக்க, மற்றது கடலுக்குப் போகும். முறை மாறப் பல நாள், சில நேரம் வாரங்கள்கூட ஆகும். துணை திரும்பி வராவிட்டால் கூடு கைவிடப்படும். ஜோடி பல வருடம் பிரியாமல் இருப்பதற்கு இந்த நம்பிக்கைதான் அடிப்படை. பெட்ரல் குடும்பத்தில் இன்னொரு உபாயமும் இருக்கிறது. பிடித்த மீனையும் கணவாயையும் அப்படியே சுமக்காமல், வயிற்றிலேயே நீரைப் பிரித்துவிட்டுச் சத்துள்ள எண்ணெயாக வைத்துக்கொள்கின்றன. சுமை குறைவு, சக்தி அதிகம். ஃபுல்மர் என்ற பெட்ரல் வகையின் குஞ்சு அதே எண்ணெயைக் கூட்டுக்கு அருகே வருபவர்மேல் பீய்ச்சித் தன்னைக் காத்துக்கொள்ளவும் செய்யும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று என்றால், அதை ஈடுகட்ட நெடுங்காலம் வாழ்ந்தாக வேண்டும். பசிபிக்கின் மிட்வே தீவில் விஸ்டம் என்று பெயரிட்ட லேசன் ஆல்பட்ராஸ் ஒன்று இருக்கிறது. 1956இல் சேண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் அதன் காலில் வளையம் மாட்டினார். அப்போதே அது முட்டையிடும் வயதில் இருந்தது. 2002இல், 46 வருடம் கழித்து, அவரே அதை மறுபடி பிடித்துப் புது வளையம் மாட்டினார். ராபின்ஸ் 2017இல் காலமாகிவிட்டார். விஸ்டம் 2024இன் இறுதியில், குறைந்தது 74 வயது என்று மதிப்பிடப்பட்ட நிலையில், இன்னொரு முட்டையிட்டது.

கூட்டமாகக் கூடு கட்டுவதும் நிலத்தின் பற்றாக்குறையால்தான். நரியும் பூனையும் இல்லாத, இரைக்கு அருகே உள்ள தீவுகள் குறைவு. ஆகவே பத்தில் ஒன்பதுக்கும் அதிகமான இனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றாக முட்டையிடுகின்றன. குல்லிமாட் கூடே கட்டாமல், செங்குத்துப் பாறை விளிம்பில் வெறும் கல்மேல் இடும். ஒவ்வொரு தாயின் முட்டையும் நிறத்திலும் கீறலிலும் வேறுபடுவதால் தன்னுடையது எது என்று அடையாளம் தெரியும். மூன்று வாரக் குஞ்சு, சரியாகப் பறக்கத் தெரியாத நிலையிலேயே, அந்த உயரத்திலிருந்து குதித்துவிடும். கீழே தந்தை காத்திருந்து, கடலில் பல வாரம் கூடவே நீந்தி அதை வளர்க்கும். மாங்ஸ் ஷியர்வாட்டரோ மண்ணில் வளை தோண்டுகிறது. தரையில் தடுமாறி நடக்கும் அதைக் கடற்காகங்கள் கொன்றுவிடும் என்பதால், இருட்டிய பிறகுதான் கரைக்கு வரும்.

அந்த வளையை அது எவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு 1952இல் ஒரு சான்று கிடைத்தது. வேல்ஸின் ஸ்கோகோம் தீவிலிருந்து ஒரு பறவையை விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது அட்லாண்டிக்கைக் கடந்து பன்னிரண்டரை நாளில் தன் வளைக்குத் திரும்பியது. அதை விட்டுவிட்டோம் என்று பாஸ்டனிலிருந்து எழுதிய கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

நம் கடலில்

லட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்று ஒரு திட்டு. மொத்தமே மூன்று ஏக்கர் அளவுதான், மரம் கிடையாது. கரும்பழுப்பு ஆலாவும் நாடி என்ற பழுப்பு நிற ஆலா வகையும் பெரிய கொண்டை ஆலாவும் அங்கே முட்டையிடுகின்றன. 1995இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கரும்பழுப்பு ஆலாவின் இளம் பறவை கூட்டை விட்டுக் கிளம்பினால் வருடக்கணக்கில் கரைக்குத் திரும்புவதில்லை. இலங்கையின் மேற்குக் கரையோரம் ஆகஸ்டிலிருந்து ஆலாக்கள் பெருங்கூட்டமாகத் தெற்கு நோக்கிப் போவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே உள்ள மணல்திட்டுகளிலும் ஆலாக்கள் முட்டையிடுகின்றன. மணலில் சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டை. பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது, மிதித்துவிடுவது சுலபம். அதனால் அப்படிப்பட்ட திட்டுகளில் இறங்காமல் இருப்பதே நல்லது.

இந்தப் பறவைகளோடு மீனவர்களுக்குப் பழைய தொடர்பு உண்டு. சூரைக் கூட்டம் கீழிருந்து சிறு மீன்களை மேலே விரட்டும். மேலே ஆலாக்கள் வட்டமிட்டு விழும். லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் தூண்டில் போடுபவர்கள் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் படகைத் திருப்புகிறார்கள். நம் சமையலில் சேரும் மாசிக் கருவாட்டுக்குப் பின்னால் இந்தப் பறவைகளும் இருக்கின்றன.

கொடுக்கல் வாங்கல் இன்னும் ஆழமானது. கடலில் தின்று தீவில் எச்சமிடுவதால், கடலின் சத்தை இவை நிலத்துக்குக் கொண்டுவருகின்றன. மழையில் கரைந்து அது மறுபடி பவளத்திட்டுக்குப் போகிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில், எலி புகுந்த தீவுகளையும் புகாதவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. எலியில்லாத தீவுகளில் கடற்பறவைகள் 760 மடங்கு அதிகம். அவற்றையொட்டிய பவளத்திட்டுகளில் மீன்களின் மொத்த எடையும் 48 சதவீதம் அதிகம்.

இழப்பின் கணக்கு

எலி ஏன் இவ்வளவு பெரிய எதிரி? தரையில் வேட்டை விலங்கே இல்லாத தீவைத் தேடிப் போன பறவைகளுக்கு அதை எதிர்க்கத் தெரியாது. கப்பல்களில் போன எலியும் பூனையும் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில் வீட்டுச்சுண்டெலிகள் ஆல்பட்ராஸ் குஞ்சைக் கூட்டிலேயே உயிரோடு கடித்துக் கொல்கின்றன. அந்தக் குஞ்சு எழுந்து ஓடுவதுகூடக் கிடையாது.

கடலில் வேறு ஆபத்து. ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலை இறக்கும்போது, இரை கோத்த கொக்கிகள் மூழ்குவதற்குள் ஆல்பட்ராஸ் கொத்தி மாட்டிக்கொண்டு இறக்கிறது. உலகம் முழுக்க இப்படி ஆண்டுக்குக் குறைந்தது 1,60,000 கடற்பறவைகள் சாகின்றன என்று 2011இல் கணக்கிட்டார்கள். நெகிழியும் சேர்ந்துகொள்கிறது. மிதக்கும் பொருள்களில் பறக்கும் மீன்கள் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டைகளோடு நெகிழியையும் விழுங்கி வந்து பறவைகள் குஞ்சுக்கு ஊட்டிவிடுகின்றன. 1950க்கும் 2010க்கும் இடையே, தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட கூட்டங்களில் கடற்பறவைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு முட்டையிடும் உயிரில் வளர்ந்த பறவை ஒன்று செத்தால், அந்த இடத்தை நிரப்பப் பத்து வருடம் பிடிக்கும். இதுதான் என்னைக் கவலைப்படவைக்கிறது.

ஆனால் செய்யக்கூடியவை தெரிந்தவையே. படகின் பின்னால் பறவைகளை விரட்டும் வண்ண நாடாக்கள், கொக்கி சீக்கிரம் மூழ்க எடை, இரவில் தூண்டில் இறக்குவது. நமீபியாவில் 2015இல் விதிகள் வந்த பிறகு, அங்குள்ள ஆயிரங்கால் தூண்டில்களில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது. தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவில் பல வருடம் உழைத்து எலியை ஒழித்து, 2018இல் எலியற்ற தீவென்று அறிவித்தார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றின்போதும் புயலுக்குப் பின்னும் நம் கரைகளில் களைத்துப்போன பூபியோ ஷியர்வாட்டரோ ஒதுங்குவதுண்டு. அப்படி ஒன்றைப் பார்த்தால் திரும்பக் கடலில் தூக்கிப் போடாதீர்கள். பறக்கத் தெம்பில்லாமல்தான் அது கரைக்கு வந்திருக்கிறது. அலகு கூர்மையானது என்பதால் துண்டு போட்டு மூடித் தூக்கி, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீரோ சோறோ ஊட்ட வேண்டாம். நாயும் கூட்டமும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொடுங்கள். அது எந்தத் தீவில் பிறந்தது, எத்தனை வயது என்பது அதிலிருந்து தெரியவரலாம்.